நாய்ப் பூங்காவுக்கு உங்கள் நாயை அழைத்துப் போகலாமா?

சில நாய்களுக்குப் போகலாம், பல நாய்களுக்கு வேண்டாம். வயதும் குணமும் பொருந்தி, கூப்பிட்டால் திரும்பி வருகிற நாயை, கூட்டம் குறைந்த நேரத்தில், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளக்கூடியவர் அழைத்துப் போனால் நாய்ப் பூங்கா நல்ல இடம்தான். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அந்த ஒரு மணி நேரத்தை வேறு விதமாகச் செலவழித்தால் நாய்க்கு நன்மை அதிகம். உங்கள் நாய் எந்தப் பக்கம் என்பதை உள்ளே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வேலிக்கு வெளியிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பூங்காக்கள் எதற்காக வந்தன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 1979-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் திறந்த ஓலோனி பூங்காவைத்தான் அங்கே முதல் நாய்ப் பூங்கா என்று சொல்வார்கள். ஊருக்குள் லீஷ் (பிடித்து நடத்தும் கயிறு) போடாமல் நாயை ஓடவிட ஒரு வேலி போட்ட இடம் வேண்டும் என்பதே நோக்கம். ஹைதராபாத் கொண்டாப்பூரில் மாநகராட்சி 2018-இல் ஒரு பூங்கா திறந்தது. பெங்களூரு கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. சிங்கப்பூரில் பீஷான்-அங் மோ கியோ போன்ற பூங்காக்களுக்குள் ‘டாக் ரன்’ என்ற வேலியிட்ட இடம் இருக்கிறது. எங்கே கட்டினாலும் அடிப்படை ஒன்றுதான்: அது ஓடுவதற்கான இடம்.

ஆனால் பலர் அங்கே போவது ‘சோஷியலைஸ்’ பண்ணுவதற்காக. ஏமாற்றம் தொடங்குவதும் அங்கேதான். குட்டி புதிய மனிதர்களையும் நாய்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும் பருவம் ஏறத்தாழ 3-ஆவது வாரத்தில் தொடங்கி 14-ஆவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வயதில் தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்காது. ஆகவே பூங்கா மண்ணில் கால் வைக்கவே கூடாது. தடுப்பூசி முடியும்போது அந்தப் பருவம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு, பயந்த நாயைப் பத்து அந்நிய நாய்களுக்கு நடுவே விட்டால் பயம் தெளியாது. வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பி, ‘என்னை விட்டுவிடு’ என்று அது சொல்வதை யாரும் கேட்கவில்லை என்றால், அடுத்த முறை முதலிலேயே பல்லைக் காட்டக் கற்றுக்கொள்ளும். பூங்காவுக்குப் போக ஆரம்பித்த பிறகு தெருவில் மற்ற நாய்களைக் கண்டால் குரைக்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு வேர் இதுதான்.

எந்த நாய்க்குப் பொருந்தும்

அதிகப் பயன் பெறுவது ஏறத்தாழ 6 மாதத்திலிருந்து 2 வயது வரையுள்ள, விளையாட்டுப் புத்தி நிறைந்த, பிற நாய்களோடு ஏற்கெனவே நல்ல அனுபவம் உள்ள நாய்கள். 2, 3 வயதுக்கு மேல் பல நாய்களுக்கு அந்நிய நாய்களோடு விளையாடும் ஆசையே குறைந்துவிடும். தெரிந்த இரண்டு நாய்களோடு மட்டும் பழகும், மற்றவற்றைச் சட்டை செய்யாது. அது நோயும் இல்லை, குறையும் இல்லை. வளர்ந்த நாயின் இயல்பு. அப்படிப்பட்ட நாயை விடாமல் பூங்காவுக்கு இழுத்துப் போவது உங்கள் ஆசைக்காக மட்டுமே.

நம் நாட்டு இனங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள். கண்ணில் பட்டது ஓடினால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. சிறிய பொமரேனியன் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு ஓடினால், விளையாட்டாகத் தொடங்கிய துரத்தல் நொடியில் வேட்டையாக மாறிவிடலாம். சிறிய நாய்களும் பெரிய நாய்களும் ஒரே இடத்தில் இருக்கும் பூங்காவுக்கு இவற்றைக் கொண்டுபோக வேண்டாம். இன்னொன்று, 4 அடி வேலி இவற்றுக்கு ஒரு தடையே இல்லை. 6 அடிக்குக் குறைவாக இருந்தால் லீஷைக் கழற்றாதீர்கள். ஆனால் பெரிய மைதானம், உயரமான வேலி, தன் அளவுள்ள ஒரு துணை மூன்றும் கிடைத்தால், முழு வேகத்தில் ஓடும் அந்த மகிழ்ச்சியை இவற்றுக்கு வேறெதிலும் தர முடியாது.

ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு வளர்க்கப்பட்டவை. வீட்டு மனிதர்களிடம் உயிரை வைத்திருக்கும், அந்நியரை நம்ப நேரம் எடுக்கும். உரிமையாளரின் பக்கத்தில் வேறொரு நாய் வந்தாலே நடுவில் வந்து நிற்கும். பெரும்பாலான ராஜபாளையங்களுக்குப் பொதுப் பூங்கா தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்கள் பிற நாய்களின் உடல் மொழியைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரே இடத்துக்குத் தினமும் போனால் வயது வந்த பின் அதைத் தன் எல்லையாக நினைத்துக்கொண்டு, புதிதாக வருபவர்களை வாசலிலேயே மறிக்கும். பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவிடுவதே உழைப்பு. அவற்றுக்கு நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். லாப்ரடார் குட்டிகள் நல்ல மனசுதான், ஆனால் மரியாதை தெரியாமல் நேராக ஓடிப்போய் மேலே விழும். அடி வாங்குவது பெரும்பாலும் அவைதான்.

பெட்டை நாய் பருவத்தில் இருந்தால், ரத்தக் கசிவு தொடங்கிய நாளிலிருந்து 4 வாரம் பூங்காப் பக்கமே போக வேண்டாம். கசிவு நின்றதும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இணை சேரத் தயாராக இருக்கும் நாள்கள் பெரும்பாலும் கசிவு குறைந்த பிறகுதான் வரும். கருத்தடை செய்யாத கடுவன் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், மற்றக் கடுவன்கள் அதைச் சும்மா விடுவதில்லை.

கடைசியாக ஒரு சோதனை. 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றை ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில்) மாட்டி, வேறொரு நாய் 20 மீட்டர் தூரத்தில் தெரியும் இடத்தில் நின்று கூப்பிடுங்கள். பத்து முறைக்கு எட்டு முறையாவது தலையைத் திருப்பி உங்களிடம் வர வேண்டும். வரவில்லை என்றால் பூங்காவுக்கு இன்னும் நேரம் வரவில்லை. உள்ளே ஏதாவது தப்பாகப் போகத் தொடங்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவி அந்தக் கூப்பிடு குரல்தான்.

முதலில் நாய் இல்லாமல் போங்கள்

எந்த நேரத்தில் அழைத்துப் போகப் போகிறீர்களோ அதே நேரத்தில், அதே கிழமையில், நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். ஞாயிறு மாலை 5 மணிப் பூங்காவும் செவ்வாய் காலை 6 மணிப் பூங்காவும் ஒன்றல்ல.

வாசலில் இரட்டைக் கதவு இருக்கிறதா? முதல் கதவை மூடிவிட்டு, நடுவில் நின்று லீஷைக் கழற்றி, பிறகு இரண்டாவது கதவைத் திறக்கும் அமைப்பு இல்லாத இடத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒற்றைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாய் சாலைக்கு ஓடப் பார்க்கும். வேலிக்கு அடியில் மழைநீர் அரித்த இடைவெளி இருக்கிறதா? சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி உண்டா? நிழல் எங்கே? தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கிறதா? இடம் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால், மூலையில் மாட்டிக்கொண்ட நாய்க்குத் தப்பிக்க வழியிருக்காது. நடுவில் மரம், மேடு, பெஞ்ச் என்று ஏதாவது இருப்பது நல்லது. அதைச் சுற்றி ஓடியே பல சண்டைகள் அடங்கிவிடும்.

இவற்றையெல்லாம் விட முக்கியம் மனிதர்கள். உரிமையாளர்கள் தங்கள் நாயைப் பார்க்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? ஒரு நாய் இன்னொன்றை விடாமல் துரத்தும்போது யாராவது எழுந்து போய்ப் பிடிக்கிறார்களா, அல்லது ‘விளையாடுதுங்க, ஒண்ணும் பண்ணாது’ என்று சிரிக்கிறார்களா? அந்த ஒரு வாக்கியம் அடிக்கடி கேட்கும் இடத்துக்கு உங்கள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். நடுத்தர அளவுள்ள இடத்தில் பத்து நாய்களுக்கு மேல் இருந்தால் ஒருவராலும் கண்காணிக்க முடியாது.

ஊசியும் உண்ணியும்

இந்தப் பகுதியில் சலுகை கிடையாது. டிஸ்டம்பர், பார்வோ, ஹெபடைட்டிஸ், லெப்டோ ஆகிய தொற்றுநோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் தொடர்ந்து, கடைசி ஊசி 16-ஆவது வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் முன்னால் போட்ட ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் அந்தக் கடைசி ஊசி அவ்வளவு முக்கியம். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் பூஸ்டர், அதன்பின் ஆண்டுதோறும். கடைசி ஊசிக்குப் பிறகு 2 வாரம் பொறுத்துத்தான் பூங்கா.

பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கை சானிடைசருக்கெல்லாம் அது சாகாது. லெப்டோ எலியின் சிறுநீர் வழியாகத் தேங்கிய நீரில் பரவும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேறும் குட்டையுமாக இருக்கும் பூங்காவைத் தவிர்க்கச் சொல்வது அழுக்குக்காக அல்ல, இதற்காக. லெப்டோ ஊசியின் பாதுகாப்பு ஓர் ஆண்டுக்குத்தான், விட்டுவிடாதீர்கள். கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்து உண்டு. அடிக்கடி பூங்காவுக்கோ போர்டிங்குக்கோ (நாய்களைத் தங்கவைக்கும் இடத்துக்கோ) போகும் நாய் என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வு மாதமே கிடையாது. எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு ரத்த நோய்களை அது கொண்டுவரும். உண்ணியைத் தடுக்கும் மாத்திரைகளில் அஃபாக்சோலானர் மாதம் ஒரு முறை, ஃப்ளூரலானர் சுமார் 12 வாரத்துக்கு ஒரு முறை. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் எழுத வேண்டும், வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடற்புழு மருந்து 3 மாதத்துக்கு ஒரு முறை. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஆகவே நீங்களும் அங்கே செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

முதல் நாள்

வார நாளில், விடிந்தவுடன் போங்கள். அதற்கு முன்னால் 15 நிமிடம் வெளியே நடக்கவிட்டு, மலஜலம் கழிக்கவைத்து, சற்றே சக்தியை வடியவிடுங்கள். காரிலிருந்து இறங்கிய வேகத்தில் உள்ளே பாயும் நாய்தான் முதல் நிமிடத்திலேயே வம்பில் மாட்டும். சாப்பாடு கொடுத்து 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பெரிய மார்புள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் இது இன்னும் முக்கியம்.

கையில் இருக்க வேண்டியவை: வீட்டுத் தண்ணீர் ஒரு லிட்டர், சொந்தக் கிண்ணம், மலம் எடுக்கும் பைகள், நீளக் கைப்பிடிக் குடை ஒன்று, தடுப்பூசி அட்டையின் படம் போனில். சென்னை போன்ற ஊர்களில் மாநகராட்சி உரிமத்தின் நகலும். பந்து, எலும்பு, பொம்மை எதுவும் வேண்டாம். வீட்டில் ஒருபோதும் பொருளுக்காக உறுமாத நாய்கூட, நான்கு நாய்கள் சூழ்ந்தால் தன் பந்தைக் காக்கும்.

வேலிக்கு வெளியே 10 மீட்டர் தூரத்தில் நின்று உள்ளே இருப்பவற்றைப் பார்க்கவிடுங்கள். உங்கள் நாய் பார்த்துவிட்டுத் தரையை மோந்து, உங்களைத் திரும்பிப் பார்த்தால் நல்லது. விறைத்து நின்று, வைத்த கண் வாங்காமல் பார்த்தாலோ, உடம்பு நடுங்கிப் பின்வாங்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான், வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்குத் திரும்புங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடைப்பிடித்தாலே கெட்ட அனுபவங்களில் பாதி குறையும்.

புதிய நாய் வந்தால் உள்ளே இருப்பவை எல்லாம் வாசலுக்கு ஓடிவரும். பூங்காவில் மிக ஆபத்தான இடம் அந்த வாசல்தான். உள்ளே இருப்பவர்களிடம் ‘கொஞ்சம் கூப்பிட்டுக்கோங்க’ என்று கேளுங்கள். கூட்டம் கலைந்த பிறகே நுழையுங்கள். இரட்டைக் கதவுக்கு நடுவில் லீஷைக் கழற்றுங்கள். லீஷோடு ஒரு நாய், லீஷ் இல்லாமல் ஐந்து நாய் என்றால், கட்டுண்ட நாய் தப்ப முடியாத பயத்தில் கடிக்கும். கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் பட்டை, ஹார்னஸ் ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள். விளையாட்டில் இன்னொரு நாயின் கீழ்த்தாடை அதில் சிக்கி, இரண்டும் பதறி முறுக்கிக்கொண்டால் ஒன்று மூச்சுத் திணறும், மற்றதன் தாடை உடையும். உங்கள் போன் எண் பொறித்த, தளர்வான தட்டைப் பட்டை மட்டும் போதும்.

உள்ளே போனதும் நிற்காமல் நடங்கள். நீங்கள் நகர்ந்தால் நாயும் நகரும், மோப்பம் பிடிக்க வருபவை பின்பக்கமாக வளைந்து வரும், சந்திப்பு இயல்பாக நடக்கும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் நாய் உங்கள் காலடியில் மாட்டிக்கொண்டு அங்கேயே காவல் காக்கத் தொடங்கும். சிறிய நாயைப் பயத்தில் சட்டென்று தூக்காதீர்கள். தூக்கியதை எட்டிப் பிடிக்கத்தான் மற்றவை தாவும். இடையில் நீங்கள் நின்று மறித்து, வெளியே நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். சிறு குழந்தைகளை உள்ளே அழைத்து வரவே கூடாது.

முதல் முறை 15 நிமிடம் போதும். அதற்குள் மூன்று, நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் தடவிக்கொடுத்து, ‘போ’ என்று மறுபடி விளையாட அனுப்புங்கள். கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்தது என்று புரிந்துகொண்டு அடுத்த முறை கைக்குச் சிக்காது. ட்ரீட் கொடுப்பதாக இருந்தால் வெளியே வந்த பிறகு கொடுங்கள்.

விளையாட்டா, வம்பா?

இதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் பூங்கா. உறுமலை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, விளையாடும்போதும் நாய்கள் உறுமும். உடம்பைப் பாருங்கள். நல்ல விளையாட்டில் உடம்பு தளர்ந்து வளைந்து இருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், அசைவுகள் தேவைக்கு மேல் துள்ளலாக இருக்கும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தும் அந்த வணக்கத்தை எல்லோரும் அறிவார்கள். அதைவிட நம்பகமானது முறை மாறுவது: இப்போது துரத்தியது அடுத்து துரத்தப்பட வேண்டும், மேலே இருந்தது அடுத்து கீழே படுக்க வேண்டும். வலிமையான நாய் தன் வலிமையை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்றே தோற்றுக் காட்டும். நடுநடுவே இரண்டும் நின்று, உடம்பை உதறி, மூச்சு வாங்கிவிட்டுத் தொடரும். அந்த இடைவெளிகள் குறையக் குறைய சூடு ஏறுகிறது என்று பொருள். சத்தம் மேலே போகிறது, வேகம் கூடுகிறது, நிறுத்தமே இல்லை என்றால், எதுவும் தப்பு நடப்பதற்கு முன்பே கூப்பிட்டு ஒரு நிமிடம் தனியே நடத்துங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. மேலே விழுந்து விளையாடும் நாயை அதன் உரிமையாளர் மெதுவாகப் பிடித்து நிறுத்தட்டும். கீழே இருந்தது எழுந்து உதறிக்கொண்டு மறுபடி அதனிடமே ஓடிவந்தால் அது விளையாட்டு. விலகிப் போய் உங்கள் பின்னால் ஒளிந்தாலோ, வேலியோரம் போய் நின்றாலோ, அதற்கு அது விளையாட்டாக இருந்ததில்லை.

வம்பின் முன்னறிகுறிகள் சத்தமில்லாதவை. உடம்பு திடீரென்று உறைவது, மூடிய வாய், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும்படி சாய்ந்து பார்ப்பது, மற்றதன் தோளின் மேல் தாடையை வைத்து அசையாமல் நிற்பது, விறைத்த வாலின் நுனி மட்டும் படபடப்பது. வால் ஆடினால் நட்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். முதுகு மயிர் சிலிர்ப்பது பதற்றத்தைத்தான் காட்டும், அது கோபமாகவும் இருக்கலாம், வெறும் உற்சாகமாகவும் இருக்கலாம். பயத்தின் அடையாளங்கள் வேறு: பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, வாலை வயிற்றோடு ஒட்டுவது, திரும்பத் திரும்ப வாசலுக்கே ஓடுவது. வாசலில் போய் நிற்கும் நாய் வீட்டுக்குப் போகலாம் என்கிறது. கேளுங்கள்.

மூன்று நாய்கள் சேர்ந்து ஒன்றைத் துரத்தினால் அது எந்த நிலையிலும் விளையாட்டில்லை. துரத்தப்படுவது கீச்சிட்டாலோ விழுந்தாலோ மற்றவை மொத்தமாகப் பாயும். அந்த நொடிக்கு முன்பே குறுக்கே போய் நில்லுங்கள். எடையில் பெரிய வித்தியாசம் உள்ள நாய்களை ஒன்றாக விடாதீர்கள். 30 கிலோ நாய் அன்போடு வைக்கும் காலே 4 கிலோ நாயின் விலா எலும்பை முறிக்கும்.

உங்கள் நாயே வம்பு செய்கிறது என்றால் அதை ஒப்புக்கொள்வது கடினம், ஆனால் அடுத்தவர் நாய்க்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது. திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். லீஷைப் போட்டு, அமைதியாக வெளியே கூட்டிப் போய்விடுங்கள்.

சண்டை மூண்டுவிட்டால்

பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். சண்டையை விலக்கப் போகிறவர்களில் பலர் அப்படித்தான் கடிபடுகிறார்கள், சொந்த நாயிடம்கூட. முதலில் பலத்த சத்தம், பிறகு முகத்தில் தண்ணீர். அதற்கும் விலகவில்லை என்றால், இரண்டு தலைகளுக்கும் நடுவே குடையை விரித்து நுழையுங்கள், அல்லது பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளுங்கள். பல சண்டைகள் சில நொடிகளில் இதிலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் இரு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு நாயின் பின்தொடைகளைப் பிடித்து உயர்த்தி, வளைவாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வளைந்து நடந்தால்தான் நாயால் திரும்பி உங்களைக் கடிக்க முடியாது. ஒன்று மற்றதன் சதையைக் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். அது பிடியை விடும் நொடிக்குக் காத்திருங்கள்.

பிரித்த பிறகு மயிரை விலக்கி, தோலை விரலால் தடவிப் பாருங்கள். வெளியே சிறு ஓட்டை, உள்ளே நசுங்கிய சதை என்பதுதான் நாய்க்கடியின் தன்மை. வெளியே ரத்தமே இல்லாமல் மூன்றாம் நாள் சீழ் கட்டிக்கொள்ளும். கழுத்து, மார்பு, வயிற்றில் பட்டிருந்தால் உடனே, மற்ற இடங்களில் அன்றைக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். கடித்த நாயின் ரேபிஸ் ஊசி அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் நாய்க்குப் பூஸ்டர் தேவையா என்று கேளுங்கள். மனிதரைக் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்தது ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

வெயில்

நம் ஊர்ப் பூங்காக்களில் சண்டையைப் போலவே அஞ்ச வேண்டியது வெப்பம். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சென்னை போல ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரில் அதுவும் சரியாக வேலை செய்யாது. விளையாட்டு வெறியில் நாய் தானாக நிறுத்தாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை காலை 7 மணிக்கு மேல் வேண்டாம். மாலையில் சூரியன் சாய்ந்தாலும் தரை சுடும். புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. செயற்கைப் புல் போட்ட இடங்கள் மண்ணைவிட அதிகம் சூடேறும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலுக்குக் கூட்டிவந்து தண்ணீர் காட்டுங்கள். பொதுத் தொட்டியில் குடிக்கவிடாதீர்கள், தொற்று இருமல் பரவ அது எளிய வழி.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு அகன்று வெளியே தொங்குவது, ஈறு செங்கல் நிறமாவது, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவற்றைக் கண்டால் உடனே உடம்பு முழுவதும், குறிப்பாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சற்று நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைத்துவிடும். முதலில் குளிர்வித்தல், பிறகு வண்டியில் ஏற்றி டாக்டரிடம் போவது, அதே வரிசையில். பார்க்கத் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் போக வேண்டும், சிறுநீரகக் கோளாறு ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும்.

வீட்டுக்கு வந்தபின் கால்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, காதின் உள்மடல், அக்குள், வாலடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அடுத்த 2 வாரத்துக்குள் இருமல், ரத்தம் கலந்த பேதி, காய்ச்சல், வெளிறிய ஈறு, கரிய சிறுநீர் எது தெரிந்தாலும் ‘பூங்காவுக்குப் போயிருந்தோம்’ என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பூங்கா வேண்டாம் என்று முடிவானால்

நாய்க்கு இழப்பு ஒன்றுமில்லை. ஓட்டம்தான் வேண்டும் என்றால், போர்டிங் நடத்துபவர்கள் தங்கள் வேலியிட்ட மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடங்கள் உண்டு. அங்கே உங்கள் நாய் மட்டும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், யாருமற்ற திறந்த வெளியில் 10 மீட்டர் கயிறு போதும். அதை ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும், ஓடிய வேகத்தில் கயிறு தீர்ந்தால் கழுத்துப்பட்டை கழுத்தை வெட்டி இழுக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாயின் போக்கில் விட்டு அரை மணி நேரம் மோப்பம் பிடிக்கவிட்டால், பந்து துரத்திய ஒரு மணி நேரத்தைவிட நிம்மதியாகத் தூங்கும். தினச் சாப்பாட்டில் ஒரு பிடியைப் புல்லில் தூவித் தேடவிடலாம்.

நாய்த் துணைதான் வேண்டும் என்றால் ஒரே ஒரு நல்ல நண்பன் போதும். அளவிலும் சுபாவத்திலும் பொருந்தும் ஒரு நாயை அக்கம்பக்கத்தில் தேடுங்கள். இரண்டையும் பொது இடத்தில், லீஷில், 15 மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில் நடத்துங்கள். மனிதர்கள் நடுவில், நாய்கள் வெளிப்பக்கம். லீஷ் தொய்வாக இருக்கும்வரை இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். எப்போது ஒன்று விறைத்தாலும் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். முன்னால் போன நாய் மோந்த இடத்தைப் பின்னால் வருவது மோக்கட்டும், பிறகு இடம் மாற்றுங்கள். இப்படி மூன்று, நான்கு நாள் நடந்து, இரண்டும் ஒன்றையொன்று கண்டதும் உடம்பைத் தளர்த்தி வளைந்து வரத் தொடங்கினால், வேலியிட்ட இடத்தில் லீஷை விடலாம். முதல் முறை கழற்றாமல் தரையில் இழுபடவிட்டு, 3 நிமிடம் விளையாடியதும் கூப்பிட்டுப் பிரியுங்கள். அடுத்த முறை 5 நிமிடம். இரண்டும் களைப்பதற்கு முன்பே, இன்னும் ஆசை மிச்சம் இருக்கும்போதே ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள்.